சாலைக்கோட்டைத் தொகுதியின் இரண்டாவது லிங்கராஜ்

உ

பழவங்காடி,
திருவனந்தபுரம்.
ஓட்டு எண்ணுவதற்கு முந்தின நாள்.

சங்கரன்கோவிலில் சகல மரியாதைகளுடனும், தற்சமயம் என் மனைவியுடனும் வசித்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் தங்கபாண்டி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை செண்பகவல்லியின் கணவன் லிங்கராஜ் வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மகள் கலைச்செல்வியும் சௌக்கியம். டீக்கடையும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கப் பழவங்காடி கணபதியை வேண்டிக்கொள்கிறேன். செண்பகவல்லியின் சௌக்கியத்தை விசாரிக்க எனக்கு இன்னும் பாத்தியதை உண்டா என்று தெரியாததால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். பதினேழு தடவை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வணக்கங்கள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. கையெழுத்துப் போட்டு வாங்கினால் பிரித்துப் படிக்காமல் இருக்க மாட்டீர்கள் என்று நம்பி இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயம் ஒன்றுதான். உங்கள் தங்கையைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவையுங்கள். ஓட்டுப்பதிவு அன்று பை தூக்கிக்கொண்டு கிளம்பியவள், இன்றோடு இருபத்துநாலு நாள் ஆகிறது. நான் தேர்தலில் நின்றதுதான் குற்றம் என்று அவள் சொல்லியிருப்பாள். என் புருசன் நன்றி கெட்டவன், ஊரார் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று அழுதிருப்பாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் சாலைக்கோட்டைத் தொகுதியின் தேர்தல் வரலாறு தெரிந்தாக வேண்டும். சற்றே பொறுமையாகப் படியுங்கள். இந்த வரலாறு முழுவதும் எங்கள் கடையில் தினமும் இரண்டு வேளை காப்பி குடிக்கும் பஞ்சாபகேசன் சாமி சொன்னது. கணக்காயர் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். 1957-லிருந்து உள்ள தேர்தல் முடிவுகளை எல்லாம் தேடிப் பிடித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.

முதல் தேர்தலில் ஜெயித்தவர் பரமேஸ்வரக் குறுப்பு என்று ஒரு பெரிய மனிதர். மழை பெய்தால் கிழக்கே கோட்டையில் முட்டளவு தண்ணீர் நிற்கும், அதை ஒரே வருஷத்தில் வடிய வைக்கிறேன் என்றார். வடியவில்லை. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தவரும் அதையேதான் சொன்னார். அப்புறம் ஒருமுறை இந்த முன்னணி, மறுமுறை அந்த முன்னணி என்று தொகுதி கை மாறிக்கொண்டே வந்தது. எல்லோரும் வடிகாலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மழைக்காலத்தில் அந்த அடிக்கல்களின் மேல் ஏறி நின்றுதான் நாங்கள் பஸ் ஏறுகிறோம். இந்தத் தொகுதியில் ஒருமுறைகூடத் தோற்காமல் நிலையாக நிற்பது அந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்பார் பஞ்சாபகேசன் சாமி. மூன்று கூட்டணி வேட்பாளர்களும் ஓட்டுக் கேட்கக் கிளம்பும் முன் எங்கள் கடைக்கு எதிரே கணபதிக்குத் தேங்காய் உடைப்பார்கள். கணபதி மூவரிடமும் வாங்கிக்கொள்வார்.

மாறி மாறி ஜெயிக்கும் இரண்டு முன்னணிகளும் சமமாக இருப்பதால் வெற்றி வித்தியாசம் ஆயிரத்திலிருந்து நூறுக்கும், நூறிலிருந்து ஐம்பதுக்கும் சுருங்கிவிட்டது. அப்போதுதான் எங்கள் தொகுதியில் அபரன் பிறந்தான். அபரன் என்றால் மலையாளத்தில் மற்றவன். எதிராளி வேட்பாளருக்கு என்ன பெயரோ அதே பெயருள்ள ஓர் ஆளைத் தேடிப் பிடித்து சுயேச்சையாக நிறுத்திவிடுவார்கள். நூறு பேர் பெயர் குழம்பிப் பட்டனை மாற்றி அழுத்தினால் போதும், ஆள் தோற்றுவிடுவான்.

1982-ல் திவாகரப் பணிக்கர் என்று ஒரு மாஜி மந்திரி நின்றார். அவருக்கு ஜாதகம் பார்த்து, கிரகம் எல்லாம் சாதகம், வெற்றி நிச்சயம் என்று சொன்ன ஜோசியரின் பெயரும் திவாகரப் பணிக்கர். எதிர்க்கட்சிக்காரர்கள் நேரே போய் ஜோசியரையே அபரனாக நிறுத்திவிட்டார்கள். மந்திரி ஐம்பத்தேழு ஓட்டில் தோற்றார். ஜோசியர் வாங்கியது இருநூற்று அறுபது. 1991-ல் இரண்டு முன்னணிகளும் போட்டி போட்டுக்கொண்டு அபரன் நிறுத்தியதில் மொத்தம் ஆறு சுகுமாரன்கள் நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் பார்த்து மிரண்டுபோன ஒரு பாட்டியம்மா, வந்த காரியத்தை மறந்து, பூத் அதிகாரியிடம் உன் பெயர் என்ன மகனே என்று கேட்டாளாம். அவர் பெயரும் சுகுமாரன். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் பின்னால் மெஷினில் வேட்பாளர் போட்டோவையும் ஒட்ட ஆரம்பித்தார்கள். அதோடு அபரன் ஒழிந்தான் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். கட்சிக்காரர்கள் அபரனை போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஆக, மச்சான், நான் செய்தது ஏதோ புதிய துரோகம் என்பது போல் செண்பகவல்லி பேசுவது சரித்திரம் தெரியாத பேச்சு.

இந்தத் தடவை ஒரு முன்னணி, வக்கீல் லிங்கராஜ் என்பவரை நிறுத்தியது. சாலைக் கடைத்தெருவிலும் அக்ரகாரங்களிலும் இருக்கிற தமிழ் ஓட்டை அள்ளுவதற்காக 'தமிழருக்கு ஒரு தமிழன்' என்று ஊர் முழுக்க மலையாளத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கட்சிச் சின்னம் கொடுக்காமல் தங்கள் ஆதரவு பெற்ற சுயேச்சையாக நிறுத்தியதால் அவருக்கு ஃப்ரிட்ஜ் சின்னம் கிடைத்தது. இந்த வக்கீலை உங்களுக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடைபாதைக் கடைகளை எடுக்க ஜேசிபி வந்தபோது, கோர்ட்டில் ஸ்டே வாங்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்றவர் அவர்தான். எங்களிடம் வாங்கியது சர்க்கரை போடாத ஒரு டீ. கடை இன்றைக்கும் இருக்கிறதென்றால் அவரால்தான். இதை நான் மறுக்கவே இல்லை.

மறுவாரம் எதிர் முன்னணியிலிருந்து சுனில் என்று ஒரு பையன், கையில் வாக்காளர் பட்டியலோடு கடைக்கு வந்தான். "லிங்கராஜ் சேட்டா, சுகந்தன்னே?" என்று நலம் விசாரித்தான். நான் வக்கீல்தான் வந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். மச்சான், முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரில் டீ ஆற்றுகிறேன். நல்லவர்கள் அண்ணாச்சி என்பார்கள். மற்றவர்கள் தமிழன் என்ற இளக்காரத்தில் "பாண்டி, ஒரு சாயா" என்பார்கள். முழுப் பெயரைச் சொல்லி, சேட்டன் என்று மரியாதையும் சேர்த்து ஒருவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

"சேட்டன் ஒண்ணும் செய்யண்டா. பிரசங்கம் வேண்டா, நோட்டீஸ் வேண்டா. பேரு மாத்ரம் மதி," என்றான். எனக்கு ஒரு வேலையும் கிடையாதாம், பெயர் மட்டும் போதுமாம். "சேட்டன்டெ சொந்தம் பேரல்லே? அதில் ஆர்க்கா பரிபவம்?" என்று வேறு கேட்டான். என் சொந்தப் பெயரில் நான் நிற்பதற்கு யார் வருத்தப்பட முடியும்? நீங்களே சொல்லுங்கள். என்னை முன்மொழியப் பத்துப் பேர் வந்தார்கள். அதில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. என்மேல் அவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு ஸ்டுடியோ. வக்கீல் கறுப்புக் கண்ணாடி ஃப்ரேம் போடுவார், தலையை இடது பக்கம் வகிடெடுத்து வாருவார். எனக்கும் அதே மாதிரி கண்ணாடி போட்டு, வகிடெடுத்து, மீசையைக் கத்தரித்து, வெள்ளைச் சட்டை மாட்டிப் படம் எடுத்தார்கள். கண்ணாடி வெறும் ஃப்ரேம்தான். சின்னங்களின் பட்டியலைச் சுனில் அரைமணி நேரம் ஆராய்ந்து அலமாரியைத் தேர்ந்தெடுத்தான். சின்னதாக அச்சடித்தால் அலமாரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் வித்தியாசம் கைப்பிடியில் மட்டும்தான் இருக்குமாம். பெயரும் ஒன்று, இருவரும் சுயேச்சை, ஆகவே மெஷினிலும் அடுத்தடுத்து வரும். இவ்வளவு மூளையை இவர்கள் வடிகால் விஷயத்தில் செலவழித்திருந்தால் என் கடைக்குள் தண்ணீர் வந்திருக்காது.

மனு வாபஸ் வாங்கும் கடைசி நாள் வரை அபரனை எதிராளி கண்ணில் படாமல் ஒளித்து வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் காலில் விழுந்தாவது வாபஸ் வாங்க வைத்துவிடுவார்கள். அதனால் என்னை மூன்று நாள் மலைமேல் போனக்காடு எஸ்டேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். செண்பகவல்லியிடம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். உத்திரத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை. அங்கே நம்ம பக்கத்துச் சனங்கள்தான் தேயிலை பறிக்கிறார்கள். லயத்து வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றைத் தேடி எனக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ராசம்மா என்ற பொம்பிளை, என் காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்புத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எங்க லயத்துக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்க ஓட்டுக் கேக்க ஆளு வரும் அண்ணாச்சி. ஒளிய வந்த ஆளு நீங்கதான் முதல்ல." அது என்னைப் புகழ்ந்து சொன்னதா இகழ்ந்து சொன்னதா என்று மூன்று நாளும் யோசித்தேன்.

திரும்பி வந்தபோது வேட்பாளர் பட்டியல் பேப்பரில் வந்துவிட்டது. பஞ்சாபகேசன் சாமி காப்பியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ஓய் லிங்கராஜ், நாப்பது வருஷமா நோட்டுல ஒட்டிண்டு வரேன். அபரன் போட்ட காப்பியைக் குடிப்பேன்னு நினைச்சும் பாக்கலை, கேட்டீரா!" என்றார். ஆனால் குடித்தார். செண்பகவல்லி குடிக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலையில் என் முன்னால் வந்து நின்றாள். "அந்த மனுசன் இல்லன்னா நாம இன்னிக்கு ரோட்டுல நிப்போம். அவரு பேர வச்சே அவரக் கவுக்கப் போறீயளே, நீங்க சோறுதான திங்கீய?" என்றாள்.

அன்று சாயங்காலம் வக்கீலே கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். சர்க்கரை இல்லாத டீயை வாங்கி நின்றபடியே குடித்தார். "நின்னது தப்பில்ல அண்ணாச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் கிளாஸை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்தக் கிளாஸை செண்பகவல்லி தனியாக எடுத்து அலமாரியில் வைத்தாள். எனக்கு அதன் பிறகு அந்த அலமாரியைத் திறக்கவே கூச்சமாகிவிட்டது.

இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், மச்சான். நாள் ஆக ஆக எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பெயர் குழம்பி விழுகிற ஓட்டு வேண்டாம், எனக்கே எனக்கென்று பத்து ஓட்டு விழாதா என்ற ஆசை. பஸ் கண்டக்டர்கள், ஆட்டோக்காரர்கள், கோவில் வாசலில் பூக்கட்டுகிறவர்கள் எல்லோரும் டீ குடித்துவிட்டு, ஓட்டு அண்ணாச்சிக்குத்தான் என்று கையடித்துச் சத்தியம் செய்தார்கள். அவர்கள் எல்லோரும் எங்கள் பூத்தில்தான் ஓட்டுப் போடுகிறவர்கள். பஞ்சாபகேசன் சாமிகூட, பகவான் விட்ட வழி என்றார். அது சம்மதம்தானே?

ஓட்டுப்பதிவு அன்று நாங்கள் மூன்று பேரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். கலைச்செல்வி, பக்கத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் பார்க்கும் கம்ப்யூட்டர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நான் வேட்பாளர் என்பதால் அந்தக் கண்ணாடி ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு போனேன். படிக்கிற கண்ணாடி கடையிலேயே இருந்துவிட்டது. உள்ளே மறைவுக்குப் போய் மெஷினைக் குனிந்து பார்த்தேன். பெயர்கள் எல்லாம் மலையாளத்தில் இருந்தன. நான் மலையாளம் பேசுவேனே தவிர, எழுத்தைப் பொறுத்தவரை பஸ் போர்டு வரைதான். ஆனால் அதற்குப் போட்டோ இருக்கிறதே! கறுப்புக் கண்ணாடி, இடது வகிடு, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் கதவு வைத்த பெட்டி. முப்பத்தொரு வருஷம் கழித்து இந்த ஊர் என் முகத்தைப் பார்க்கிறது என்று நினைத்துக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத்தினேன். மெஷின் நீளமாக ஒலித்தது. என் வாழ்க்கையில் நான் தப்பே இல்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று தோன்றியது.

வெளியே வந்தால் செண்பகவல்லி விரலில் மையும் தோளில் பையுமாக நிற்கிறாள். "போட்டாச்சு. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்," என்றாள். எனக்கா போட்டே என்று கேட்டேன். "கெட்டுன புருசன் நிக்கும்போது ஊரானுக்கா போடுவாங்க?" என்று சொல்லிவிட்டுத் தம்பானூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏறிவிட்டாள். மச்சான், நான் இருபத்துநாலு நாளாக இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கடையைத் திறந்து மூடுகிறேன். வாயால் எவ்வளவு திட்டினாலும், யாரும் பார்க்காத மறைவில் தனியாக நின்றபோது அவள் எனக்குத்தான் போட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளை அங்கே வைத்திருப்பது உங்களுக்கே பாவம்.

நாளை காலை எண்ணிக்கை. வக்கீல் ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஊரறிந்த மனிதர் பெயரை ஒரு டீக்கடைக்காரன் பெயரோடு யார் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள்? எனக்கு விழுவது பத்தோ இருபதோ, அத்தனையும் என்னைத் தெரிந்து போட்டதாக இருக்கும். எங்கள் எழுபத்துநாலாம் பூத்தில் மட்டும் மூன்று ஓட்டு உறுதி: அவள், மகள், நான். யாருக்கும் நஷ்டமில்லாமல் என் பெயர் ஒரு தடவை அச்சில் வந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, நல்ல நாள் பார்த்து, அவளைக் கொல்லம் வழியாக இங்கே வரும் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆசியும். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகி, தாங்களே தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் கடையில் ஒரு டீ சாப்பிடும் பாக்கியத்தை எனக்குத் தர வேண்டும்.

என்றும் தங்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்ட,
எஸ். லிங்கராஜ்
(சுயேச்சை)

பின்குறிப்பு: தபாலாபீஸ் நேற்று மூடிவிட்டதால் கடிதம் கையிலேயே இருந்தது. இன்று ஓட்டு எண்ணி முடிந்துவிட்டது. மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம்.

எனக்கு ஆயிரத்து நூற்று இருபத்தாறு ஓட்டு. வக்கீல் முந்நூற்று ஒன்பது ஓட்டில் தோற்றுவிட்டார். சுனில் கடைக்கு வந்து கட்டிப்பிடித்து லட்டு ஊட்டினான். பூத் வாரியாக எழுதிய தாளையும் கொடுத்துவிட்டுப் போனான். கலைச்செல்வியைப் படிக்கச் சொன்னேன். என்னை யாரென்றே தெரியாத ஏரியாக்களில் எல்லாம் பத்து, பதினைந்து என்று விழுந்திருக்கிறது. எங்கள் எழுபத்துநாலாம் பூத்தில், கண்டக்டர்களும் பூக்காரர்களும் சாமியும் ஓட்டுப் போட்ட பூத்தில், வக்கீலுக்கு முந்நூற்றுப் பதினொன்று. எனக்குப் பூஜ்யம்.

அப்போ உங்கம்மா போடலையா, நீயுமா போடலை என்று மகளிடம் கத்தினேன். அவள் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாப்பா, நாங்க ரெண்டு பேரும் போடல. வக்கீல் மாமாவுக்குத்தான் போட்டோம். சரி, நீங்க போட்ட ஒண்ணு எங்க?" என்று கேட்டாள்.

இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். மெஷினில் நான் பார்த்த அந்தப் பெட்டிக்கு மேலே சின்னதாகவும் கீழே பெரிதாகவும் இரண்டு கதவு இருந்தது, மச்சான். எங்கள் கடையில் பால் வைக்கிற ஃப்ரிட்ஜ் மாதிரியே. எனக்கு விழுந்த ஆயிரத்து நூற்று இருபத்தாறும் அந்த மனுசனுக்குப் போய்ச் சேர வேண்டியது. அவருக்கு விழுந்ததில் ஒன்றே ஒன்று நான் போட்டது. அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே செண்பகவல்லியை அனுப்ப வேண்டாம், இந்தக் கடிதத்தையும் தபாலில் போடாமல் எடுத்துக்கொண்டு நாளைக் காலை வண்டியில் நானே வருகிறேன். கதவைத் திறக்க மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தால், வெளியே நிற்கிறவனும் அவள் போட்ட ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறான் என்று மட்டும் உள்ளே போய்ச் சொல்லுங்கள்.